கடைசி மண்டலத்து மாமியார்

மார்ச் 4

மருமகளே,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். பதறாதே. வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான், ஆனாலும் சுகம். கைபேசியை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் புதைத்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு நமக்குள் கடிதம்தான்.

காரணம் உனக்கே தெரியும். நம் வீடியோ கேம் ‘மூடுபனித் துறை’யின் இரண்டாம் பாகம் ஒருவழியாக வருகிறது. இத்தனை வருடம் காக்க வைத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே நாளில் தந்திருக்கலாம். அது பொறுக்கவில்லை. உலகத்தை ஐந்து மண்டலமாக வெட்டி, மண்டலத்துக்கு ஒரு தேதி என்று பந்தி பிரித்துவிட்டார்கள். நீ குடிபோன ஊர் முதல் மண்டலம், அடுத்த வாரமே கிடைத்துவிடும். நான் இருப்பது கடைசி மண்டலம். ஏப்ரல் முடிவில்தான் எனக்கு இலை போடுவார்கள்.

அதற்குள் உலகமே விளையாடி முடித்து, முடிவைக் கூரை மேல் ஏறிக் கூவும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல் பாகத்தின் கடைசிக் காட்சி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. படகோட்டி மூடுபனிக்குள் போகிறான், தங்கை கரையில் விளக்கோடு நிற்கிறாள், திரை கறுத்துவிடுகிறது. அவன் திரும்பி வருவானா மாட்டானா என்று நீயும் நானும் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடினோமே. அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு முகம் தெரியாத ஆள் கைபேசியில் பதில் சொல்லிவிட்டுப் போவதா? நடக்காது.

மூக்குக்கண்ணாடிக் கடையிலும் கட்டுப்பாடு போட்டாயிற்று. நான் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும்போது யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நம் கேஷியரும் விளையாடுகிறவர்தான், அவருக்கும் இதே பைத்தியம். இருவரும் காதில் பஞ்சு வைக்காத குறை.

நீ விளையாடு. எனக்காகக் காத்திருக்காதே. ஆனால் ஒரு வார்த்தை, ஒரு ‘அடடா’ கூட எழுதிவிடாதே.

உன் வீட்டுக்காரனிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய விருந்தில், அத்தனை பேருக்கு முன்னால், “அம்மாவுக்கு வயசுதான் ஏறுது, இன்னும் பொம்மையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அத்தை

மார்ச் 14

அத்தைக்கு,

கையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் மடியில்தான் வைத்திருக்கிறேன்.

நேற்று விடிந்ததும் கடை வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் சீருடையைக் கழற்றாத ஒரு தீயணைப்பு வீரர், அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. குழந்தையை ஆள் மாற்றி ஆள் வைத்துக்கொண்டோம், என் முறையும் வந்தது. ஷட்டரைத் தூக்கியபோது யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு நகர மறந்து நின்றேன், விற்கிற பெண் “பரவாயில்ல, எல்லாருமே இப்படித்தான் நிக்கிறாங்க” என்றாள்.

இப்போது ஒரு விஷயம். இது கதை இல்லை, பெட்டியின் முதுகில் ஊருக்கே தெரியும்படி அச்சடித்தது, அதனால் நான் வாக்கு மீறவில்லை. இரண்டாம் பாகத்தைத் தனியாக விளையாட முடியாது. இரண்டு பேர் வேண்டும். இருவரையும் ஒரு கயிறு கட்டியிருக்கும், ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க மற்றவர் போக வேண்டும். இருவரும் ஒரே அறையில் இருக்கலாம், அல்லது வேறு வேறு ஊரிலிருந்து இணையம் வழியாகச் சேரலாம். ஆனால் உங்கள் மண்டலத்தில் வெளியாகும்வரை உங்களோடு சேர வழி இல்லை.

உங்கள் மகனிடம் கேட்டேன். “ஆபீஸ் வேலையே தலைக்கு மேல கிடக்கு, இதுல இது வேறயா” என்றார். தலையைத் தூக்காமலே சொன்னார். வேறு யாரையும் கூப்பிட எனக்கு மனமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் பயணப் பெட்டியிலிருந்து கேம் ஆடும் இயந்திரத்தை எடுத்தபோது நீங்கள் திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்தப் பாறைக்குப் பின்னால ஏதோ அசையுது பாரு” என்றீர்கள். அன்றிலிருந்து மாற்றி மாற்றி ஆடினோம், என் விரல் ஆடும்போது கண் உங்களுடையது. கண்ணை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

ஆகவே காத்திருக்கிறேன். பெட்டியின் மேல்தாளைக்கூடக் கிழிக்கவில்லை. நீங்கள் வேண்டாமென்று எழுதினாலும் கேட்கப்போவதில்லை, மாமியார் சொல்லைத் தட்டும் மருமகள் என்ற பெயரை இப்போதாவது வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்

மார்ச் 24

மருமகளே,

காத்திருக்காதே என்று சொன்னவளும் நான்தான். நீ காத்திருக்கிறாய் என்று படித்ததும் லென்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பின்னறையில் இரண்டு நடை நடந்தவளும் நான்தான். கேஷியர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, லாட்டரியா?” என்றார்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிலைக்கவில்லை. எங்கள் மண்டலத்து வெளியீடு தள்ளிப்போய்விட்டது. ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்று கேம் கடை வாசலில் ஒட்டிவிட்டார்கள். பின்னர் என்றால் எப்போது? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசிப் பந்தியும் போய் எச்சில் இலைக்கு வந்து நிற்கிறோம்.

எனக்கு வந்த கோபத்தில் கேஷியரை இழுத்துக்கொண்டு விநியோகஸ்தர் அலுவலகத்துக்கே போனேன். அங்கே போனால் எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம். பல் டாக்டரம்மா ஒருத்தி, நோயாளிகளை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு பஸ் டிரைவர். கல்லூரி மாணவர்கள் மூன்று பேர். மேனேஜர் என்னைப் பார்த்து, “மேடம், பேரனுக்காக வந்தீங்களா?” என்றார்.

“எனக்காக வந்தேன்” என்றேன்.

மனிதர் நல்லவர்தான். எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். விளையாட்டில் வரும் பேச்சை எல்லாம் நம் மொழியில் எழுதியாகிவிட்டது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். மீதியை யாராவது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மேலிடம் விடாது. புது ஆளைத் தேடிப் பிடித்து எடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

“உங்கள்ல யாராவது சாயங்காலத்துல வந்து படிச்சுக் கொடுத்தா நானே மேலிடத்துல பேசி அனுமதி வாங்கிடுவேன். ஆனா ஒண்ணு. முழுக் கதையும் தெரிஞ்சுடும். வெளியில மூச்சு விடக் கூடாது.”

இவ்வளவு நேரம் மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பல் டாக்டரம்மா கூரை விளக்கை ஆராய்ந்தாள். டிரைவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மாணவன் மட்டும் மெல்ல, “வேற வழியே இல்லையா சார்?” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் பசியோடு இருந்தவனிடம் போய், நீ சமையலை ருசி மட்டும் பார், மற்றவர்கள் சாப்பிடட்டும் என்றால் எவன் வருவான்?

என் கை எப்படி மேலே போனது என்று எனக்கே தெரியவில்லை.

நாளை முதல் கடை முடிந்ததும் அங்கே போகிறேன். நேற்று கையைத் தூக்கியபோது வருத்தமில்லை. இன்று கொஞ்சம் இருக்கிறது.

அத்தை

ஏப்ரல் 2

அத்தைக்கு,

உங்களை யார் கையைத் தூக்கச் சொன்னார்கள்? கைபேசியைப் புதைத்தவர், காதில் பஞ்சு வைத்தவர், எனக்கு ‘அடடா’ கூட எழுதக் கூடாது என்று தடை போட்டவர், கடைசியில் நீங்களாகவே போய்க் கிணற்றில் குதித்திருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வீசினேன். பிறகு எடுத்து இன்னொரு முறை படித்தேன். உங்களைத் திட்டவும் முடியவில்லை.

இங்கே நான் படும் பாட்டைக் கேளுங்கள். முதல் மண்டலத்தில் இருந்துகொண்டு விளையாடாமல் இருப்பது, மழையில் நடந்துகொண்டே நனையாமல் இருப்பது போல. லிஃப்ட் கம்பெனியில் என் வேலை உங்களுக்குத் தெரியும். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் என் காதில்தான் பேசுவார்கள், மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான்தான் தைரியம் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு ஆள் மாட்டிக்கொண்டார். மெக்கானிக்குக்காகக் காத்திருந்தபோது என்னையறியாமல் நம் விளையாட்டின் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன்.

அந்த ஆள் பயத்தை எல்லாம் மறந்து, “மேடம், நீங்களும் ஆடறீங்களா? நான் நேத்துதான் முடிச்சேன். அந்தப் படகோட்டி இருக்கான்ல, அவன் கடைசியில...” என்று ஆரம்பித்தார்.

“சார், இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா மெக்கானிக்கைத் திரும்பிப் போகச் சொல்லிடுவேன்” என்றேன்.

பக்கத்து நாற்காலிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கதவு திறக்கும்வரை ஒரு சத்தமும் போடவில்லை. வெளியே வந்ததும் நன்றி சொன்னார், என் மேலதிகாரிதான் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் மகன் விஷயம். மேசையில் கிடந்த உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டார். வழக்கமாகத் தபாலைத் தொடாத மனிதர். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வந்து வாசலில் நின்றார்.

“அம்மா கையைத் தூக்கினாங்களா?”

“ஆமா.”

“அப்ப அவங்களுக்கு அந்தக் கதை கெட்டுப்போயிடுமே.”

நான் அடுத்த துணியை எடுத்தேன். அவரும் போய்விட்டார். மறுநாள் வேலையிலிருந்து வந்தால் பெட்டியின் மேல்தாள் கிழிந்து கிடக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், காதுவரை சிவந்திருக்கிறது. “கதைக்குள்ள போகல, சத்தியமா. பயிற்சித் திடல்ல மட்டும்தான்” என்றார். அங்கே மட்டும் தனி ஆளாக விளையாடலாமாம். கயிற்றின் மறுமுனையில் ஒரு மரப்பொம்மையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பொம்மையை இழுத்துக்கொண்டு பாலத்தில் நடக்கத் தெரியாமல் நாள் முழுக்கத் தண்ணீரில் விழுந்திருக்கிறார்.

“இவ்ளோ கஷ்டமாவா இருக்கும்? அம்மா எப்படி இதை ஆடினாங்க?” என்று கேட்டார். “கேலி பேசாம பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றேன். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று இருந்தது. ஆனால் மறுநாளும் உட்கார்ந்தார்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 13

மருமகளே,

பொம்மையோடு சேர்த்துக் கட்டினார்களா? நன்றாக வேண்டும். அவன் எப்படி விளையாடினால் எனக்கென்ன. தண்ணீரில் விழுகிறான் என்று எழுதினாயே, எந்தப் பக்கமாக விழுகிறான்? சின்ன வயதில் சைக்கிள் பழகும்போதும் இடது பக்கமே சாய்வான். நான் சொன்னதாகச் சொல்லாதே, முதல் பாகத்துப் பாலங்களில் நான் செய்ததுபோல் வலது கட்டைவிரலைச் சும்மா வைத்திருக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே நடக்கச் சொல்.

என் வேலையைப் பற்றி எழுத எனக்கு அனுமதி கொஞ்சம்தான். அந்த அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. முதல் நாள் போகும்போது தூக்கு மேடைக்குப் போவது போலத்தான் போனேன். உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தால், மருமகளே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிகள் கதை போகிற வரிசையில் இல்லை. சீட்டுக்கட்டைக் குலுக்கிப் போட்ட மாதிரி, எங்கெங்கோ நடக்கிற பேச்சு ஒன்றன் கீழ் ஒன்றாக வருகிறது. யார் பேசுகிறார்கள், யாரிடம், எதற்கு என்று எதுவும் இல்லை. கல்யாண மண்டபத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது போல் இருக்கிறது. அத்தனை பேச்சும் காதில் விழுகிறது, மாப்பிள்ளை யார் என்று மட்டும் தெரியவில்லை.

அதனால் எல்லாம் தெரியும், ஒன்றும் தெரியாது. சில வரியைப் படித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். இதை யாரோ யாரிடமோ சொல்லப்போகிறார்கள், அந்த இடத்தில் நாம் இருக்கப்போகிறோம் என்று நினைத்தாலே உட்கார முடியவில்லை. தெரியாமல் காத்திருந்தபோதுகூட இப்படிப் பறந்ததில்லை.

மேனேஜரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன். உண்மை வரியைச் சொல்ல முடியாது, நானே கட்டிய உதாரணம் சொல்கிறேன். வீடு பற்றி எரியும்போது ஒருத்தி கத்துகிறாள் என்று வை. இவர்கள், ‘தாங்கள் உடனடியாக வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் அதை ‘ஓடு, ஓடு’ என்று மாற்றுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மேடம், கொஞ்சம் மரியாதையா இருக்கலாமே” என்பார்.

“நெருப்புல நிக்கிறவ மரியாதை பாப்பாளா சார்?” என்பேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி, ஓடட்டும்” என்பார். அவர் கண்ணாடி ஃபிரேம் கோணல், ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று கடைசிப் பக்கமும் முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அப்போதே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை என்னைப் போக விடவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தது. மே 8, வெள்ளிக்கிழமை. இந்த முறை மாற்றமில்லை.

வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

அத்தை

ஏப்ரல் 23

அத்தைக்கு,

மே 8. குளியலறைக் கண்ணாடியில் உதட்டுச்சாயத்தால் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் மகன் அதை அழிக்காமல் ஓரமாக நின்று சவரம் செய்துகொள்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை நமக்கு விடுமுறை. உங்களுக்குக் காலை, எனக்கு மாலை. காபி குடித்துவிட்டு உட்காருங்கள், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. நான் அழைப்பு அனுப்புவேன், திரையில் விளக்குப் படம் மின்னும், அதை அழுத்தினால் போதும். ஹெட்செட்டை, நான் உங்களிடம் விட்டுவந்த இயந்திரத்தில் செருக மறக்காதீர்கள், அது இருந்தால்தான் பேச முடியும். முதல் பாகத்தில் இதெல்லாம் நமக்குத் தேவைப்படவில்லை, தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

கட்டைவிரல் யோசனையை நானாகக் கண்டுபிடித்தது போலச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “இது அம்மா சொன்னதுதானே” என்றார். இப்போது பாலத்தைக் கடந்துவிடுகிறார். பொம்மையும் நனையவில்லை.

நேற்று சாப்பிடும்போது, சம்பந்தமே இல்லாமல், “அம்மாவுக்கு ஹெட்செட் போட்டா காது வலிக்குமா?” என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். சும்மா என்றார். நானும் சும்மா விட்டுவிட்டேன்.

உங்கள் மருமகள்

மே 11

மருமகளே,

நீ செய்தது அநியாயம். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். உன் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கத்தில் நடந்தது தெரியாது அல்லவா.

வெள்ளிக்கிழமை காலையில் கேஷியரும் நானும் கேம் கடைக்குப் போனபோது வரிசை தெருமுனை வரை நின்றது. அந்தப் பல் டாக்டரம்மா, டிரைவர், மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டு முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு ஒரே கூச்சம். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், அதில் ஏதாவது தெரிந்துவிடுமா என்று. கண் கலங்கினானே அந்த மாணவன், அவன் பொறுக்க மாட்டாமல், “ஆன்ட்டி, ஒரே ஒரு கேள்வி, அவன் திரும்பி...” என்று தொடங்கினான். பின்னாலிருந்து நாலு கைகள் வந்து அவன் வாயைப் பொத்தின. டிரைவர், “தம்பி, இவ்ளோ நாள் பொறுத்தாச்சு, கடை திறக்கப் போகுது” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நீ சொன்னபடி காபி குடித்து, கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன். விளக்கு மின்னியது. அழுத்தினேன். முதலில் கடல் சத்தம். அந்தப் பனி, அந்தக் கரை, எல்லாம் புதிதாக, நாம் கற்பனை செய்ததைவிட அழகாக. “வந்துட்டியா? பாத்தியா கடலை?” என்று உன்னிடம்தான் கேட்டேன்.

“பாத்தேம்மா” என்றான்.

கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு மாதமாகக் கேட்காத குரல், அதுவும் காதுக்குள்ளேயே.

“நீ எங்கடா வந்த? அவளைக் கூப்பிடு.”

“பக்கத்துலதான் இருக்கா. முதல் அத்தியாயம் மட்டும் நான் வரேன். அப்புறம் கொடுத்துடறேன்.”

கழற்றி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் திரையில் கயிறு கட்டியாகிவிட்டது, என் ஆள் பாறை விளிம்பில் நிற்கிறாள், மறுமுனை அவன் கையில். நான் நகர்ந்தால்தான் அவன் நகர முடியும். சரி வா என்று நடந்தேன்.

மோசமில்லை, மருமகளே. கயிற்றை இழுக்காமல், தளர்த்தவும் செய்யாமல் பிடிக்கிறான். நான் நின்றால் நிற்கிறான். “பாறைக்குப் பின்னால என்னமோ அசையுதும்மா” என்று அவனாகவே சொன்னான். நான் படித்த வரிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இது இவளா சொன்னது, இதற்காகவா சொன்னாள் என்று எனக்குள் விளக்குப் போட்ட மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. கதை கெடவே இல்லை. உனக்கும் ஒன்றும் கெட்டுவிடக் கூடாது, அதனால் இதோடு நிறுத்துகிறேன். அன்று நீ பக்கத்திலிருந்து பார்த்ததற்கு மேல் ஒரு வரியும் என்னிடமிருந்து வராது.

உடைந்த படகுத்துறைக்கு வந்தோம். அலை மேலே ஏறி அடிக்கிற இடம். அங்கே போயா அவன் ஆரம்பிக்க வேண்டும்?

“அம்மா, அன்னைக்கு விருந்துல நான்...”

“அலை வருது, அப்புறம் சொல்லு.”

அவன் அப்புறம் வரை பொறுக்கவில்லை. “எல்லார் முன்னாடியும் உங்களை...” என்றான். அலை இருவரையும் அடித்துக்கொண்டு போனது. மறுபடி முதலிலிருந்து நடந்தோம். மறுபடி அதே பலகை, மறுபடி ஆரம்பித்தான், மறுபடி தண்ணீர். நீ பக்கத்தில் அடக்கிக்கொண்டு சிரித்ததும் எனக்குக் கேட்டது.

மூன்றாம் முறை அந்தப் பலகையில் கால் வைத்ததும் நானே நின்றேன். தூரத்தில் அலை எழும்பிக்கொண்டிருந்தது.

“சொல்ல வந்ததை சீக்கிரம் சொல்லி முடிடா.”

“தப்பு என்னுதும்மா. அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“சரி” என்றேன். “இப்ப குனி.”

குனிந்தான். அலை எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே போனது.

அத்தை